மாதம் 41,000 கட்டுபவரால் 38,000 கட்ட முடியாதா?

ஒருவருக்கு வீட்டுக்கடன் பாக்கி 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். கடன் கொடுத்தது ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம், வட்டி 9.25 சதவீதம், மாதத் தவணை 41,168 ரூபாய். கடன் வாங்கிய நாளிலிருந்து ஒரு தவணைகூடத் தவறியதில்லை. பக்கத்துத் தெரு வங்கி 8 சதவீதத்துக்குக் கடன் தருகிறது. அங்கே மாற்றிக்கொண்டால் தவணை 38,226 ரூபாய். மாதம் 2,942 ரூபாய் மிச்சம், 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 5.3 லட்சம். தவணையைக் குறைக்காமல் பழைய 41,168 ரூபாயையே கட்டி வந்தால் கடன் 157 மாதங்களில் தீர்ந்துவிடும். அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 9.4 லட்சம் ரூபாய் மிச்சத்தோடு. அவர் விண்ணப்பிக்கிறார். வங்கி திருப்பி அனுப்புகிறது. ‘தவணை கட்டும் அளவுக்கு வருமானம் போதவில்லை’ என்பது காரணம். 41,000 ரூபாயை மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு 38,000 ரூபாய் கட்ட வக்கில்லை என்று சொல்லும் இந்தக் கணக்கை எந்த ஆறாம் வகுப்பு மாணவனும் ஏற்கமாட்டான். வங்கித் துறை ஏற்கிறது. அவர் கான்ட்ராக்டில் வேலை செய்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஏற்கிறது.

கான்ட்ராக்ட் என்றதும் சாலை போடுகிறவரோ கட்டடம் எழுப்புகிறவரோ நினைவுக்கு வருவது பழைய பழக்கம். இன்று பழைய மாமல்லபுரம் சாலையிலும் கோவை சரவணம்பட்டியிலும் ஐ.டி. நிறுவனங்களின் மேஜைகளில் அமர்ந்திருக்கும் பலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். அவர்களில் இரண்டு வகை உண்டு. ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் ஒரு வகை. இவர்களுக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., ஃபார்ம் 16 எல்லாம் உண்டு, வேலை மட்டும் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ. வங்கி இவர்களைக் கொஞ்சம் முகம் சுளித்துச் சம்பளக்காரர் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது வகை, கன்சல்டன்ட். மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போடுவார், நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடும். செய்யும் வேலை, உட்காரும் நாற்காலி, கலந்துகொள்ளும் மீட்டிங் எல்லாம் பக்கத்து நாற்காலிக்காரருடையதேதான். வங்கியின் கண்ணுக்கு மட்டும் இவர் ‘சொந்தத் தொழில்’ செய்கிறவர். இந்தக் கட்டுரையின் கவலை பெரும்பாலும் இவரைப் பற்றியது.

சட்டப்படி பார்த்தால் கடனை மாற்ற இவருக்கு ஒரு தடையும் இல்லை. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வீட்டுவசதி நிறுவனங்களுக்கும் அதே தடை உண்டு. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற உத்தரவு 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. ஆக, வெளியே போகும் கதவை ரிசர்வ் வங்கி அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே விடும் கதவு யாருக்குத் திறக்கும் என்பதை மட்டும் அந்தந்த வங்கியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. வாசல் இரண்டும் திறந்திருந்தால்தான் வீடு மாற முடியும். அந்த இரண்டாவது வாசலில் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள்.

வட்டிதான் தானாகக் குறைகிறதே, வங்கி மாறுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். 2025இல் ரெப்போ 6.50 சதவீதத்திலிருந்து பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு தவணையில் 5.25க்கு இறங்கியபோது இந்தக் கடன்காரர்களுக்கு அந்த 1.25 சதவீதமும் வந்து சேர்ந்தது. ஆனால் ரெப்போ என்பது வட்டியின் ஒரு பாதிதான். அதன்மேல் வங்கி ஏற்றி வைக்கும் ‘ஸ்ப்ரெட்’ என்ற மேல்விகிதம் கடன் கொடுத்த நாளில் எழுதப்படுவது. எட்டு சதவீதம் என்றால் 5.25க்கு மேல் 2.75. கடன் வாங்கிய ஆண்டில் போட்டி குறைவாக இருந்ததாலோ, சிபில் மதிப்பெண் அப்போது தாழ்வாக இருந்ததாலோ 3.50 என்று எழுதியிருந்தால், ரெப்போ எவ்வளவு இறங்கினாலும் அந்த முக்கால் சதவீதம் கூடவே வரும். அதைவிட முக்கியம், இந்த வெளி அளவுகோல் விதி வங்கிகளுக்கு மட்டும்தான். வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் மற்ற வங்கியல்லா நிதி நிறுவனங்களும் தங்கள் அடிப்படை விகிதத்தைத் தாங்களே நிர்ணயிக்கின்றன. ஏறும்போது காட்டும் வேகத்தை இறங்கும்போதும் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. முதல் கடனுக்கே வங்கிகள் கைவிரித்ததால் கான்ட்ராக்ட்காரர்கள் ஒதுங்கிய இடம் பெரும்பாலும் இந்த நிறுவனங்கள்தான். வட்டி அதிகம் கட்டுகிறவர் யாரோ, அவர்தான் வெளியேற முடியாதவர்.

அந்த ‘வருமானம் போதவில்லை’ எப்படிப் பிறக்கிறது என்று வங்கியின் மேஜைக்கு அருகே போய்ப் பார்க்கலாம். கடன் அதிகாரி முதலில் எடுப்பது வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவம். யார், எந்தத் தேதியில், எந்தப் பிரிவின் கீழ் வரி பிடித்தார்கள் என்று வரி வரியாக அதில் இருக்கும். பிரிவு 192 என்றிருந்தால் சம்பளம். 194ஜே என்றிருந்தால் தொழில்முறைக் கட்டணம். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் இந்த எண்களை மாற்றினாலும், வங்கி கேட்கும் முந்தைய ஆண்டுகளின் தாள்களில் இருப்பவை பழைய எண்கள்தான்.) 194ஜேயைப் பார்த்ததும் கோப்பு வேறு தட்டுக்குப் போகிறது. சம்பளக்காரரிடம் மூன்று மாதச் சீட்டு போதும், இவரிடம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் அதிகாரி தேடுவது கடைசியில் வரும் நிகர வருமானத்தை.

இங்கேதான் சிக்கல். ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய்க்கு இன்வாய்ஸ் போடும் கன்சல்டன்ட் பெரும்பாலும் 44ஏ.டி.ஏ. பிரிவின் கீழ் கணக்குக் காட்டுவார். 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த பிரிவு அது. டாக்டர், வக்கீல், என்ஜினீயர், ஆடிட்டர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்றோர் செலவுக்கு ரசீது வைத்துக் கணக்கு எழுத வேண்டாம், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். வரவின் உச்சவரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். ஆக 24 லட்சத்தில் 12 லட்சம் லாபம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குகிறவர் நிலையான கழிவு போக 2,92,500 ரூபாய் வரி கட்டுகிறார். கன்சல்டன்டுக்கு வரியில் கொண்டாட்டம். வங்கியிலோ அந்த 12 லட்சம்தான் அவருடைய வருமானம், மாதத்துக்கு ஒரு லட்சம். எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 50,000 ரூபாயில் கார் கடன் தவணை 15,000 போனால் மீதி 35,000. தேவையோ 38,226. கோப்பு மூடப்படுகிறது.

‘வரித் துறையிடம் ஒரு கணக்கு, வங்கியிடம் ஒரு கணக்கா? அங்கே பாதியைக் காட்டி வரியை மிச்சம் பிடித்தவர் இங்கே முழுதையும் எண்ணச் சொல்வது என்ன நியாயம்?’ வங்கித் தரப்பின் மிக வலுவான வாதம் இது. தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. 44ஏ.டி.ஏ.யில் கணக்குக் காட்டுகிறவர் எதையும் மறைக்கவில்லை. அதே ஐ.டி.ஆர். 4 படிவத்தில் மொத்த வரவு 24 லட்சம் என்றும் எழுதுகிறார். டி.டி.எஸ். பிடித்த நிறுவனம் அதே தொகையை 26ஏ.எஸ்.ஸில் பதிந்திருக்கிறது. வரவு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ஜி.எஸ்.டி. பதிவும் உண்டு, அந்தக் கணக்கிலும் அதே தொகை. அரசின் மூன்று ஏடுகளில் ஒரே எண் ஒத்துப்போகிறது. சட்டம் எளிமைக்காகப் பாதி என்று வைத்த ஒரு வசதியை, அவருடைய உண்மையான செலவு பாதி என்று வங்கி வாசிப்பதுதான் தவறு. மடிக்கணினி, இணையக் கட்டணம், ஆடிட்டர் ஃபீஸ் தவிர ஐ.டி. கன்சல்டன்டுக்கு அப்படி என்ன செலவு? பலசரக்குக் கடைக்காரரின் வரவில் சரக்கு வாங்கிய பணம் பெரும்பங்கு. கன்சல்டன்டின் வரவு ஏறக்குறைய முழுதும் உழைப்புக்கூலி. இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து நிகர லாபத்தை மட்டும் பார்ப்பது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

‘அப்படியானால் கூடுதலாக லாபம் காட்டட்டுமே’ என்பார்கள். காட்டலாம். 50 சதவீதம் என்பது கீழ்வரம்புதான். மேலே சொன்ன உதாரணத்தில் கடன் கிடைக்க ஆண்டுக்கு 12.77 லட்சம் காட்டினால் போதும். கூடுதலாகக் காட்டுவது 77,000 ரூபாய்தான், ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுவதால் வரி சுமார் 74,500 ரூபாய். வங்கிக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு வேண்டும் என்றால் ஒன்றரை லட்சம். அதோடு அந்த இரண்டு ஆண்டும் பழைய வட்டியையே கட்ட வேண்டும். கடன் மாறிய பிறகு ஆண்டுக்கு மிச்சமாவது 35,000 ரூபாய். போட்ட பணம் திரும்பவே நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் வட்டிச் சக்கரம் எந்தப் பக்கம் சுழலும் என்று யாருக்கும் தெரியாது. உண்மையில் லாபம் 12 லட்சத்துக்கு மேல் என்றால் அதைக் காட்டி வரி கட்டுவது நல்லது, புதிதாக வீடு வாங்கப் போகிறவர் அப்படித்தான் இரண்டு ஆண்டு முன்பே தயாராக வேண்டும். கடனை மாற்றுவதற்காக மட்டும் என்றால் கணக்கு கட்டுப்படியாகாது.

அடுத்த ஆட்சேபம் ஆபத்து பற்றியது. கான்ட்ராக்ட் எந்த நேரமும் முடியலாம், 30 நாள் நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அப்போது தவணை என்னாகும்? ஆபத்து இல்லை என்று வாதிடப் போவதில்லை, இருக்கிறது. ஆனால் வங்கிகள் உண்மையிலேயே அஞ்சுவது கான்ட்ராக்டைத்தானா? தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்டாக இருக்கும் டாக்டரைப் பாருங்கள். அவரும் ஊழியர் இல்லை. அவருக்கும் 194ஜேயில்தான் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். அவரும் 44ஏ.டி.ஏ.யில் பாதி காட்டுகிறவர்தான். அவருக்கென்று தனித் திட்டம் வைத்து, மொத்த வரவை எண்ணி, வீடு தேடிப் போய்க் கடன் கொடுக்கிறவர்கள் இதே துறையில்தான் இருக்கிறார்கள். டாக்டரின் வரவை வாசிக்கத் தெரிந்த வங்கிக்கு கிளவுட் என்ஜினீயரின் வரவை வாசிக்கத் தெரியாமல் போவது பழக்கக்குறை, ஆபத்துக் கணக்கு இல்லை. 2021 செப்டம்பரில் பாரத ஸ்டேட் வங்கி, சம்பளக்காரரல்லாதவர்களிடம் அதுவரை கூடுதலாக வாங்கிவந்த 0.15 சதவீத வீட்டுக்கடன் வட்டியை எடுத்துவிட்டது. நாட்டின் மிகப் பெரிய வங்கி இந்த ஆபத்துக்குப் போட்டிருந்த விலையே அவ்வளவுதான். 0.15 சதவீதம் கூடுதலாகக் கேட்டு ஈடுகட்டக்கூடிய ஒன்றுக்காக விண்ணப்பத்தையே திருப்பி அனுப்புவது எந்தக் கணக்கில் சேரும்?

இன்னொன்றும் உண்டு. புதிதாகக் கடன் கேட்கிறவரின் ஆபத்தும் கடனை மாற்றுகிறவரின் ஆபத்தும் ஒன்றல்ல. புதியவர் விஷயத்தில் வங்கி எதிர்காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகிக்க வருமானத் தாள் தவிர வேறு வழியில்லை. கடனை மாற்றுகிறவருக்கோ வரலாறு இருக்கிறது. சிபில் அறிக்கையைத் திறந்தால் அந்த வீட்டுக்கடனுக்கு நேரே கடந்த 36 மாதங்களுக்கான கட்டங்கள் இருக்கும். தவணை எத்தனை நாள் தாமதம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருக்கும். தாமதமே இல்லை என்றால் 000. இடையில் ஒரு கான்ட்ராக்ட் முடிந்து இன்னொன்று தொடங்கிய இரண்டு மாத வெற்றிடத்திலும் அந்தக் கட்டத்தில் 000 இருந்தால், அந்தக் குடும்பம் கைவசம் சேமிப்பு வைத்திருக்கிறது என்று பொருள். எந்தச் சம்பளச் சீட்டும் சொல்லாத சேதி அது. கடனும் குறைந்திருக்கும், வீட்டின் மதிப்பும் பெரும்பாலும் ஏறியிருக்கும், அதனால் ஈட்டுக்கான பாதுகாப்பு முதல் நாளைவிடக் கூடுதல். கேட்பதோ குறைந்த தவணை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆபத்து குறைகிறது. வேலை போய்விடும் என்ற அச்சம் உண்மையென்றால், 41,000 தவணையில் இருக்கும்போது போவதைவிட 38,000 தவணையில் இருக்கும்போது போவது எல்லோருக்கும் மேல்.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற நாடு பிரிட்டன். 2008 நெருக்கடிக்கு முன் அங்கே வருமானச் சான்று இல்லாமல், விண்ணப்பதாரர் தானே எழுதித் தரும் தொகையை நம்பி வீட்டுக்கடன் கொடுத்தார்கள். சுயதொழில்காரரும் கான்ட்ராக்ட்காரரும் அப்படித்தான் பெருமளவில் வாங்கினார்கள். பொய்க்கணக்குக்கும் அது வழிவிட்டது என்பதால் 2014 ஏப்ரலில் வந்த புதிய விதிகள் அந்த முறையையே தடை செய்து, வருமானத்தைக் கறாராகச் சோதிக்கச் சொன்னன. விளைவாக, ஒழுங்காகத் தவணை கட்டிவந்தவர்களும் புதிய சோதனையில் தேறாமல் பழைய உயர்ந்த வட்டியிலேயே மாட்டிக்கொண்டார்கள். ‘அடமானக் கைதிகள்’ என்று பத்திரிகைகள் அவர்களை அழைத்தன. 2019 அக்டோபரில் அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் விதியைத் திருத்தியது. கடந்த 12 மாதத்தில் பாக்கி இல்லை, கூடுதல் கடன் கேட்கவில்லை, அதே வீடு, புதிய கடன் பழையதைவிட மலிவு என்றால் முழு வருமானச் சோதனையை விட்டுவிடலாம் என்றது. நல்ல விதி. ஆனால் ‘விட்டுவிடலாம்’ என்றுதான் சொன்னது, ‘விட வேண்டும்’ என்று சொல்லவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு வங்கிகள் முன்வராததால் கைதிகளில் பலர் உள்ளேயே இருந்தார்கள்.

நம் ரிசர்வ் வங்கி அந்த விதியையும் அதன் குறையையும் சேர்த்தே படிக்கலாம். 24 மாதம் தவறாத தவணை, பாக்கித் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கூடுதல் கடன் இல்லை, மீதமுள்ள காலத்தை நீட்டிக்கவில்லை, புதிய தவணை பழையதைவிடக் குறைவு. இந்த நான்கும் இருக்கும் விண்ணப்பத்தை வருமானத் தாளை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று சொல்லலாம். இது வங்கியின் சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா என்றால், ஓரளவு ஆகும். அடைப்பு அபராதத்தைத் தடை செய்ததும், ரெப்போவோடு பிணைக்கச் சொன்னதும் அப்படிப்பட்ட தலையீடுகள்தான். சொத்தின் பத்திரம் சரியில்லை, மதிப்பு இறங்கிவிட்டது, மற்ற கடன்களில் பாக்கி என்று மறுக்க வங்கிக்குக் காரணங்கள் அப்போதும் இருக்கும். கான்ட்ராக்ட் முடியப்போவது தெரிந்தவர்கள் அவசரமாக வந்து மாற்றிக்கொள்வார்களே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கையில் ரொக்கம் எதுவும் வாங்காமல் தவணையை மட்டும் குறைத்துக்கொள்கிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. கூடுதல் கடன் கூடாது என்ற நிபந்தனை அதற்காகத்தான்.

காலத்தை நீட்டக் கூடாது என்பதும் அலங்கார நிபந்தனை இல்லை. வருமானம் போதவில்லை என்றதும் வங்கி அதிகாரியோ, இடையில் நிற்கும் ஏஜென்டோ சொல்லும் முதல் யோசனை, ‘20 வருஷமாப் போட்டுக்கலாம் சார்’. அதே 40 லட்சத்தை 8 சதவீதத்தில் 20 ஆண்டுக்குப் போட்டால் தவணை 33,458 ரூபாய். நம் உதாரணக்காரரின் 35,000 வரம்புக்குள் அடங்கிவிடும், கடனும் கிடைத்துவிடும். மாதம் 7,700 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பழைய கடனில் கட்டியிருக்க வேண்டியது 74.1 லட்சம், புதிய கடனில் கட்டப்போவது 80.3 லட்சம். வட்டியில் 1.25 சதவீதம் குறைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவதற்குப் பெயர் மிச்சமா? கையில் பணம் வரும்போதெல்லாம் அசலில் கட்டிக் காலத்தைச் சுருக்கும் உறுதி இருந்தால் இந்த வழியிலும் போகலாம். வரவு ஏற்ற இறக்கமாக இருக்கும் கான்ட்ராக்ட்காரருக்குக் குறைந்த கட்டாயத் தவணை ஒரு பாதுகாப்பு என்பதையும் மறுக்க முடியாது. அந்த உறுதி எத்தனை பேருக்கு இருக்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

விதி வரும்வரை என்ன செய்வது? கான்ட்ராக்ட்காரர் முதலில் போக வேண்டிய இடம் புதிய வங்கி இல்லை, கடன் கொடுத்த பழைய இடமேதான். அங்கே வருமானத்தை மறுபடி நிரூபிக்கச் சொல்வது அபூர்வம். பத்திரங்கள் அவர்களிடமே இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எம்.ஓ.டி.யை (பத்திரங்களை ஈடு வைத்ததற்கான பதிவு ஆவணத்தை) ரசீது போட்டு ரத்து செய்து, புதிய எம்.ஓ.டி.யை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டிப் பதிகிற வேலை இல்லை. வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், செயலாக்கக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எதுவும் இல்லை. வட்டி மாற்றுக் கட்டணம் என்று ஒரு தொகை மட்டும் கேட்பார்கள். ரெப்போவுக்கு முந்தைய எம்.சி.எல்.ஆர். என்ற வட்டி முறையிலோ அதற்கும் முந்தைய அடிப்படை விகிதத்திலோ உள்ள பழைய வங்கிக் கடன் என்றால் ரெப்போவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஏற்கெனவே ரெப்போவில் உள்ள கடன் என்றால் ஸ்ப்ரெட்டைக் குறைக்கச் சொல்லலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் அதைத் தொட முடியும் என்று முன்பு வங்கிகள் கைவிரித்தன. வாடிக்கையாளரைத் தக்கவைக்க அதற்கு முன்பே குறைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவந்ததால் அந்தச் சாக்கு இப்போது செல்லாது.

பழைய இடம் எளிதில் இறங்கி வராது என்பதும் தெரிந்ததுதான். வேறு வங்கியின் சாங்ஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருக்குத்தான் அது இறங்கும், கான்ட்ராக்ட்காரரிடம் இல்லாதது அந்தக் கடிதம்தான். அதற்குச் சில வழிகள் உண்டு. சம்பளத்தில் இருக்கும் கணவரையோ மனைவியையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் பாதித் தடை விலகும். கார் கடனோ தனிநபர் கடனோ சிறிய பாக்கியில் நின்றால் அதை முதலில் அடைப்பது நல்லது. நம் உதாரணத்தில் அந்த 15,000 ரூபாய் கார் தவணை இல்லாதிருந்தால் 50,000 வரம்பில் 38,226 தாராளமாக அடங்கியிருக்கும். டாக்டர்களைப் போல மொத்த வரவை வைத்தோ, ஜி.எஸ்.டி. கணக்கையும் வங்கி வரவையும் வைத்தோ தகுதி பார்க்கும் திட்டம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. அந்தத் திட்டங்களில் வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 9.25இலிருந்து 8.50க்கு வந்தாலும் வந்தது லாபம்.

நிரந்தர வேலையை விட்டு கன்சல்டன்டாகப் போகலாமா என்று யோசிப்பவர்கள், வீட்டுக்கடன் வட்டியை அந்த முடிவுக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். ராஜினாமா கொடுத்த பிறகு அதை மறைத்துச் சம்பளச் சீட்டைக் காட்டுவது விண்ணப்பத்தில் பொய் சொல்வதாகும், அதைச் செய்யக் கூடாது. முடிவு எடுப்பதற்கு முன் செய்வதில் தவறில்லை. கடன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்றால் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். 12 லட்சம் பாக்கி, ஐந்து ஆண்டு மீதம், வட்டி 9இலிருந்து 8.50க்கு இறங்குகிறது என்றால் தவணையில் குறைவது மாதம் 290 ரூபாய். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 17,400. எம்.ஓ.டி. பதிவும் செயலாக்கக் கட்டணமும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.